மிக்ஸியிலிருந்து தட்டுக்கு

பேத்திக்கு ஒன்பது மாதம் முடிந்த மறுநாள் காலையில் ஒரு சோற்றுப் பருக்கையைத் துப்பினாள். பருப்பும் கேரட்டும் சேர்த்து மிக்ஸியில் அரைத்த குழைவில், பிளேடுக்குத் தப்பிக் கிடந்த ஒரே ஒரு பருக்கை. நாக்கு நுனியால் அதைத் தேடிப் பிடித்து, உதட்டுக்கு வெளியே தள்ளிவிட்டு என்னைப் பார்த்தாள். அரிசியில் கல் கிடந்தால் கடைக்காரரைப் பார்ப்போமே, அந்தப் பார்வை.

நான் 38 ஆண்டு மோட்டார் காயில் சுற்றியவன். திருநெல்வேலி பேட்டையில் இருந்த பட்டறையை மூடிவிட்டு இப்போது வீட்டில் இருக்கிறேன். மகள் பாளையங்கோட்டையில் வேலைக்குத் திரும்பியதும் பேத்தியின் பகல் சாப்பாடு எனக்கும் மனைவிக்கும் வந்து சேர்ந்தது. பட்டறையில் ஒவ்வொரு மோட்டாருக்கும் நோட்டில் எழுதி வைப்பேன்: எந்தக் கேஜ் கம்பி, எத்தனை சுற்று, எவ்வளவு நேரம் ஓடியபின் சூடானது. அதே பழக்கத்தில் பேத்தியின் சாப்பாட்டுக்கும் ஒரு நோட்டு போட்டேன். மனைவி சிரித்தாள். இரண்டாம் வாரத்திலிருந்து, நான் எழுத மறந்த நாளில் அவளே எழுதினாள்.

முதல் பக்கத்தில் 'பழுது' என்று தலைப்புப் போட்டு எழுதியது இது: "ஆறு மாதம் முடிந்ததும் அரைத்த உணவு தொடங்கினோம். மூன்று மாதமாக அதே பதம். பிள்ளைக்கு வேறு பதம் தெரியாது. பழுது மிக்ஸியில்."

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குப் போனபோது மருத்துவரிடம் கேட்டேன். அரைத்த கூழை விழுங்க நாக்கு முன்னும் பின்னும் அசைந்தால் போதும், பால் குடிக்கிற அசைவுக்குப் பக்கத்தில்தான் அது இருக்கிறது என்றார். கட்டியாக ஒன்று வாய்க்குள் வந்தால் நாக்கு அதைப் பக்கவாட்டில் ஈறுக்குத் தள்ள வேண்டும். அங்கே நசுக்கி, மறுபடி நடுவுக்குக் கொண்டுவந்து விழுங்க வேண்டும். இது பழகிப் பழகித்தான் வரும். ஒன்பது, பத்து மாதத்துக்குள் கட்டி பழகாத பிள்ளைகள் பின்னால் சாப்பாட்டில் அதிகம் அடம்பிடிக்கிறார்கள் என்றும் சொன்னார். பல் வரட்டும் என்று காத்திருந்ததாகச் சொன்னேன். கீழே இரண்டு பல்தான் முளைத்திருந்தது. "அது கடிக்க மட்டும். கடைவாய்ப் பல் வர ஒரு வயது தாண்டும். அதுவரை ஈறுதான் அம்மி" என்றார். கடைசி வாக்கியத்தை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மிக்ஸியை மறுநாளே தூக்கி வைக்கவில்லை. சுற்றி முடித்த மோட்டாரை முதல் நாளே முழு லோடில் ஓட்ட மாட்டோம். முதல் மூன்று நாள் பாதி அரைத்தது, பாதி மத்தால் கடைந்தது. நான்காம் நாளிலிருந்து மத்து மட்டும். எட்டாம் நாள் விரலால் மசித்தது.

இதில் அரிசி முதலில் காலை வாரியது. எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்குப் பொன்னி. உதிரி உதிரியாக வடிக்க வேண்டும் என்பது என் மனைவியின் கௌரவப் பிரச்சினை. அந்தப் பருக்கை பேத்தியின் ஈறில் நிற்காமல் வழுக்கிக்கொண்டு நாக்கின் பின்பக்கம் ஓடியது. உடனே குமட்டல். இட்லிக்கு வாங்கி வைத்திருந்த அம்பை 16 அரிசியைப் போட்டுப் பார்த்தோம். அம்பாசமுத்திரம் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த குண்டு ரகம். ஒரு பங்குக்கு ஐந்து பங்கு தண்ணீர், குக்கரில் ஆறு விசில். பருக்கை உருவம் தெரியும், ஆனால் நாக்கால் அழுத்தினாலே உடையும். அன்று துப்பியது மூன்று தடவை. அதற்கு முந்தைய நாள் பதினொன்று.

தண்ணீரைப் பற்றி ஒரு குறிப்பு. குழைய வேண்டும் என்பதற்காக ரசத்தை ஊற்றி ஊற்றிக் கரைத்துவிடக் கூடாது. இந்த வயதில் தாய்ப்பாலுக்கு மேல் சாப்பாட்டிலிருந்து நாளுக்குச் சுமார் 300 கலோரி போக வேண்டும். பிள்ளையின் வயிறோ ஒரு சின்னக் கும்பா அளவு. அதைத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், எடை ஏறாது. கரண்டியைச் சாய்த்தால் ஒழுகாமல் மெதுவாகச் சரிய வேண்டும், அதுதான் பதம். மேலே ஒரு சிறு கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ.

ராகியில் இன்னொரு வழி இருக்கிறது. முளைகட்டிக் காயவைத்து அரைத்த ராகி மாவில் கூழ் காய்ச்சினால், அதே கெட்டி மாவு இளகிக் கொடுக்கும். முளைக்கும்போது உண்டாகிற நொதி மாவுச்சத்தை உடைத்துவிடுகிறது. ஆகவே தண்ணீர் கூட்டாமல் கூடுதல் மாவு போடலாம். முளைகட்டினால் இரும்புச்சத்தைப் பிடித்து வைக்கிற பைட்டேட்டும் குறைகிறது. என் அம்மா இதை ஐம்பது ஆண்டுக்கு முன்பே செய்திருக்கிறாள். காரணம் கேட்டால் "அப்போதுதான் செரிக்கும்" என்பாள். அவ்வளவுதான் அவளுடைய விஞ்ஞானம், சரியாகவே இருந்தது.

பதத்தைச் சரிசெய்தும் சாப்பாடு ஓடவில்லை. ஐந்து நிமிடத்தில் நாற்காலியில் சரிந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து அழுவாள். பசியில்லை என்று மனைவி சொன்னாள். நான் நாற்காலியைப் பார்த்தேன். கடையில் வாங்கிய பிளாஸ்டிக் உயர நாற்காலி. பிள்ளையின் கால் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. நம்மையே ஸ்டூலில் உட்கார வைத்து, காலைத் தொங்கவிட்டுச் சாப்பிடச் சொன்னால் எத்தனை நேரம் தாங்கும்? உடம்பை நிமிர்த்தி வைக்கிற வேலையிலேயே அவள் பலம் போய்விடுகிறது. மெல்ல எது மிச்சம்?

12 மில்லிமீட்டர் பிளைவுட் துண்டு ஒன்று பழைய கதவு வேலையில் மீந்து கிடந்தது. 28 சென்டிமீட்டர் நீளம், 15 அகலத்துக்கு அறுத்தேன். விளிம்பை அரத்தால் உருட்டி, உப்புத்தாளில் தேய்த்தேன். வார்னிஷ், பெயின்ட் எதுவும் கிடையாது. பிள்ளை எப்படியும் ஒரு நாள் அதை நக்கும். முதலில் நைலான் கயிற்றால் நாற்காலியின் இரண்டு முன்காலிலும் கட்டினேன். அரைமணி நேரத்தில் உதைத்து உதைத்துக் கீழே இறக்கிவிட்டாள். பிறகு இரண்டு எல் கிளாம்பு, நான்கு போல்ட், போல்ட் முனை குத்தாமல் இருக்கக் குல்லா நட்டு. கிளாம்பு மாட்டும் துளையை ஒன்றுக்கு மூன்றாக, இரண்டு சென்டிமீட்டர் இடைவெளியில் போட்டேன், கால் வளரும்போது இறக்கிக்கொள்ள. உள்ளங்கால் முழுதும் பலகையில் படிய வேண்டும், முழங்கால் செங்கோணமாக மடங்க வேண்டும். முதுகுக்குப் பின்னால் சுருட்டிய ஒரு துண்டு. இடுப்புப் பட்டி எப்போதும் மாட்டியிருக்கும்.

அன்று மதியம் இருபது நிமிடம் உட்கார்ந்தாள். நோட்டில் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

இதற்குள் மனைவிக்கு அலுத்துவிட்டது. பிள்ளைக்கு ஒரு அடுப்பு, எங்களுக்கு ஒரு அடுப்பு. யோசித்துப் பார்த்தால் எங்கள் பக்கத்துச் சமையலில் பாதி பிள்ளைக்கென்றே செய்தது போலத்தான் இருக்கிறது. உப்பும் மிளகாயும் எந்த இடத்தில் விழுகிறது என்பதுதான் கேள்வி. ஒரு வயது வரை நாள் முழுதுக்கும் சேர்த்தே உப்பு 1 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறார்கள். தாய்ப்பாலிலேயே வேண்டிய சோடியம் வந்துவிடுகிறது. ஆக எந்தக் கறியிலும் உப்பு, காரம் விழுவதற்கு முந்தைய கணத்தில் பிள்ளையின் பங்கை எடுத்துவிட வேண்டும்.

தேங்காய்ப் பாலில் காய் வேகிற சொதியில் இது சுலபம். பாசிப்பருப்பு தனியாக வெந்துகொண்டிருக்கும். கேரட், பீன்ஸ், உருளை, முருங்கைக்காய் எல்லாம் தேங்காயை மூன்றாவது தடவை பிழிந்த மூன்றாம் பாலில் வேகும். இஞ்சியும் பச்சை மிளகாயும் அதற்குப் பிறகுதான். மூன்றாம் பால் கொதித்துக் காய் வெந்ததும் ஒரு கரண்டி காயும் ஒரு கரண்டி பருப்பும் எடுத்து, மேலே முதல் பால் ஒரு கரண்டி விட்டால் பேத்தியின் சொதி தயார். மறுவீட்டு விருந்துக்குச் செய்கிற பண்டம். பல் இல்லாத விருந்தாளிக்கும் சரிப்படுகிறது. முருங்கைக்காயை மட்டும் துண்டாகத் தரக்கூடாது. கரண்டியால் சதையை வழித்து, விதையையும் நாரையும் எடுத்துவிட்டுத்தான் கொடுக்கிறோம். பச்சைப் பட்டாணி போட்டிருந்தால் ஒவ்வொன்றையும் விரலால் நசுக்கித் தோலை உரித்தேன். முப்பது பட்டாணி, மூன்று நிமிடம். காயில் சுற்றியவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

உளுந்தஞ்சோறுதான் தகராறு. அரிசி, தொலி உளுந்து, தேங்காய்த் துருவல், பூண்டு, வெந்தயம் எல்லாம் ஒன்றாகக் குக்கருக்குள் போகிறது, உப்பும் கூடவே. வெந்தபின் உப்புக் கரைசல் ஊற்றிக் கிளறலாம் என்றேன். "உளுந்தஞ்சோற்றில் உப்பு உள்ளே ஏற வேண்டும். மேலே தடவுவதற்கு அது என்ன அப்பளமா?" என்றாள் மனைவி. இரண்டு நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு ஒரு ஒப்பந்தம் ஆனது. குக்கருக்குள் சோற்றின் மேலேயே ஒரு சின்ன எவர்சில்வர் கும்பா. அதில் பிள்ளைக்கு இரண்டு பங்கு அரிசி, ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் தேங்காய், கூடுதல் தண்ணீர். உப்பு இல்லை. ஒரே விசிலில் இரண்டு சமையல். இந்தக் கும்பா ஏற்பாடுதான் இந்த நோட்டிலேயே எனக்குப் பெருமையான கண்டுபிடிப்பு. மனைவி அதைத் தன்னுடையது என்கிறாள்.

கையில் கொடுக்கிற உணவுக்கு வருகிறேன். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து லேசாக அழுத்தினால் நசுங்க வேண்டும். நசுங்காமல் தெறித்தால் திரும்பக் குக்கருக்கு. இந்தச் சோதனையில் முதல் வாரம் ஒரு தவறு நடந்தது. செம்புக் கம்பியை இழுத்து இழுத்துக் காய்ப்பு ஏறிய என் கட்டைவிரல் அரைவேக்காட்டுக் கேரட்டையும் நசுக்கிவிடுகிறது. "நசுங்குகிறது" என்று நான் பாஸ் போட்ட துண்டை மனைவி எடுத்து அழுத்தினாள், அசையவில்லை. அன்றிலிருந்து சோதனை அதிகாரி அவள்தான்.

முதலில் பெரியவர் விரல் நீளத்துக்கு வெட்டிக் கொடுத்தோம்: அவித்த கேரட், சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பூசணி, இட்லித் துண்டு. உள்ளங்கையால் பிடித்தால் மேலே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும், அதைக் கடிப்பாள். ஒன்பதரை மாதத்தில் இரண்டு விரலால் தரையில் கிடந்த எறும்பைப் பொறுக்கினாள். அன்று முதல் சுண்டல் கடலை அளவுத் துண்டு. அளவுதான் கடலை, பதம் வெண்ணெயாக இருக்க வேண்டும். மாம்பழம் வழுக்கியது. பொரிகடலை மாவில் லேசாகப் புரட்டினால் பிடி கிடைக்கிறது. நாட்டு வாழைப்பழத்தைத் தோலோடு நன்றாகக் கழுவி, மேல்பாதித் தோலை மட்டும் வெட்டி எடுத்தால் கீழ்ப்பாதி கைப்பிடி ஆகிவிடும். இட்லியைக் காய்ந்தபடி கொடுத்தால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. பருப்புத் தண்ணீரில் தொட்டுக் கொடுத்தோம். ஆடிக் காற்று அடிக்கிற காலத்தில் நுங்கு நிறைய வந்தது. அது வழுவழுப்பான உருண்டை, முழுதாக உள்ளே போய்விடும். மசித்துத்தான் கொடுத்தேன்.

பன்னிரண்டாம் நாள் எனக்கு உயிர் போய் வந்தது. களக்காட்டுப் பக்கத்து ஏத்தன் பழம் (நேந்திரன் வாழை), ஆவியில் அவித்தது. ஒரு துண்டைப் பெரிதாகக் கடித்துவிட்டாள். கண் பிதுங்கியது, முகம் செக்கச் சிவந்தது, "ஓக், ஓக்" என்று குமட்டினாள். என் கை தானாக அவள் வாய்க்குள் விரலை விடப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஆனதால் மகள் பக்கத்தில் இருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்து, "அப்பா, சத்தம் வருகிறது. விடுங்கள்" என்றாள். மூன்று வினாடி. துண்டு வெளியே வந்து விழுந்தது. அதையே எடுத்து மறுபடி வாயில் வைத்தாள் பேத்தி. எனக்குக் கை நடுங்கியது.

இந்த இடத்தை நோட்டில் சிவப்பு மையில் எழுதினேன். குமட்டல் என்பது காவல்காரன். பிள்ளைகளுக்கு அந்த உணர்வு நாக்கில் நம்மைவிட முன்பக்கத்திலேயே இருக்கிறது, அதனால் அடிக்கடி வருகிறது. சத்தம் வரும், இருமல் வரும், முகம் சிவக்கும். அப்போது நாம் அருகில் இருந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கையை விடக்கூடாது. விரலை விட்டால் வெளியே வரவிருந்த துண்டை நாமே உள்ளே தள்ளிவிடுவோம். அடைப்பு வேறு. அதில் சத்தமே இருக்காது. அழ முடியாது, இரும முடியாது, உதடு நீலம் பாயும். அதற்குக் காத்திருக்கக் கூடாது.

அடைப்புக்கு என்ன செய்வது என்பதை இந்தக் கட்டிச் சாப்பாட்டைத் தொடங்குவதற்கு முன்பே ஒரு செவிலியரிடம் பொம்மையை வைத்துக் கற்றுக்கொண்டோம், நான், மனைவி, மகள் மூவரும். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையை முன்கையில் குப்புறப் போட்டு, தலை உடம்பைவிடத் தாழ இருக்கும்படி, தாடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கை அடியால் 5 தட்டு. வரவில்லை என்றால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 அழுத்து. துண்டு வரும்வரை மாற்றி மாற்றி. கூட இருப்பவர் 108-ஐ அழைக்க வேண்டும். இந்த வயதில் வயிற்றை அழுத்தக் கூடாது. கண்ணுக்குத் தெரியாததை விரலால் துழாவக் கூடாது. நினைவு தப்பினால் உடனே இதய இயக்க மீட்பு (சிபிஆர்). வாசித்துத் தெரிந்துகொண்டதாக நினைக்காமல் ஒருமுறை கையால் செய்து பார்க்க வேண்டும். எனக்கு முதல் தடவை பொம்மையின் தலை மேலே இருந்தது.

இதற்குப் பின் எங்கள் வீட்டில் சில சட்டங்கள் வந்தன. சாப்பிடும்போது பிள்ளையை விட்டு எழுந்து போகக் கூடாது. தவழ்ந்துகொண்டும் படுத்துக்கொண்டும் வாயில் எதுவும் கிடையாது. சிரிக்க வைத்து ஊட்டக் கூடாது. டிவி அணைந்திருக்க வேண்டும். நிலக்கடலை, பொரிகடலை, சுண்டல், முறுக்கு, சீடை, சோளப்பொரி, பச்சைக் கேரட், பச்சை ஆப்பிள் எதுவும் தட்டுக்கு வராது. திராட்சையை முழுதாகக் கொடுப்பதில்லை. நீளவாக்கில் நான்காக வெட்டு. ஐந்து வயது வரை இது பொருந்தும் என்றார்கள்.

சட்டத்துக்கு முதல் சோதனை ஆனித் தேரோட்டத்தன்று வந்தது. நெல்லையப்பர் தேரைப் பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பதினோரு பேர். ஆளுக்கொரு பொட்டலம். ஒரு பெரியவர் சூடான அல்வாவை விரலில் எடுத்துப் பேத்தியின் வாய்க்கு நேராகக் கொண்டுபோனார். நான் நடுவில் முகத்தை நீட்டி அந்த அல்வாவை நானே வாங்கிக்கொண்டேன். வேறு வழி தோன்றவில்லை. திருநெல்வேலியில் பிறந்த பிள்ளைக்கு அல்வா இல்லையா என்று ஒரே கூச்சல். கோதுமைப் பால், நெய், சீனி. வழுக்கிக்கொண்டும் ஒட்டிக்கொண்டும் போகிற பண்டம். அண்ணத்தில் அப்பினால் பிள்ளைக்கு எடுக்கத் தெரியாது. சீனியை இரண்டு வயது வரை தள்ளிப் போடச் சொல்கிறார்கள். இதையெல்லாம் தேரோட்டக் கூட்டத்தில் யாரிடம் விளக்குவது? "டாக்டர் திட்டுவார்" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கு மரியாதை இருக்கிறது.

இன்னொருவர் தேன் கொண்டுவந்திருந்தார். பிறந்த அன்று பிள்ளையின் நாக்கில் சேனை என்று தேன் தொட்டு வைத்த கையாம் அவருடையது. அப்போதே நான் எப்படித் தடுக்காமல் விட்டேன் என்று இன்றும் எனக்கு வருத்தம். ஒரு வயது முடியும்வரை தேன் ஒரு சொட்டும் கூடாது. தேனில் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற கிருமியின் வித்து இருக்கலாம். நமக்கு அது ஒன்றும் செய்யாது. பிள்ளையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கித் தசைகளைத் தளர்த்திவிடும். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. இதை அவரிடம் தனியாகச் சொன்னேன். முகம் சுருங்கிப் போனது, ஆனாலும் பாட்டிலை மகளிடம் கொடுத்து, "பிறந்தநாளுக்கு மறுநாள் திற" என்றார்.

அன்று இரவு கூட்டிப் பெருக்கும்போது பாய்க்கடியில் நான்கு நிலக்கடலை கிடைத்தது. வந்தவர்கள் கொறித்தது. அதன்பின் விருந்தாளி போனதும் நானே முழங்காலில் ஊர்ந்து பிள்ளையின் உயரத்தில் தரையைப் பார்க்கிறேன். முழங்கால் வலிக்கிறது.

நிலக்கடலையை முழுதாகக் கொடுப்பதுதான் ஆபத்து; கடலையே கூடாது என்பதில்லை. லண்டனில் நடந்து 2015-இல் வெளியான ஒரு ஆய்வில், தோலில் கடும் கரப்பானோ (எக்ஸிமா) முட்டை ஒவ்வாமையோ இருந்த கைக்குழந்தைகளுக்குச் சின்ன வயதிலேயே கடலை உணவு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஐந்து வயதில், கடலையைத் தவிர்த்த பிள்ளைகளைவிட அவர்களில் கடலை ஒவ்வாமை வெகு குறைவாக இருந்தது. பேத்திக்குக் கரப்பான் கிடையாது. இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. வறுத்துத் தோல் நீக்கி நைசாகப் பொடித்த கடலையை ராகிக் கூழில் கால் கரண்டி கரைத்தோம். காலை வேளை, வீட்டில் இருவர், வேறு புதிய உணவு எதுவும் அன்று இல்லை. இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்: தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சிரைப்பு. எதுவும் இல்லை. தூங்கிவிட்டாள். நான்தான் காலை பலகாரத்தை மறந்திருந்தேன். முட்டை, எள்ளு, மீன் எல்லாம் இப்படியே, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் மூன்று நாள் இடைவெளி. முட்டை முழுதும் வெந்ததாக இருக்க வேண்டும். மீன் தூத்துக்குடியிலிருந்து வரும் விளமீன். ஆவியில் அவித்து, உதிர்த்து, விரலால் இரண்டு தடவை தடவி முள் பார்த்தபின்தான். மூன்றாவது தடவை மனைவி பார்ப்பாள். ஒருமுறை அவளுக்கு ஒரு முள் கிடைத்தது. அதிலிருந்து மூன்று தடவை என்பது சட்டம்.

என் அம்மாவுக்கு இந்த ஏற்பாடு ஒன்றும் பிடிக்கவில்லை. "ஏல, உனக்கு நான் மென்று ஊட்டினேன். நீ 38 வருடம் பட்டறை நடத்தவில்லையா?" என்றாள். பெரியவர் வாயிலுள்ள கிருமி பிள்ளைக்குப் போகும், பல் சொத்தைக்கும் அதுவே தொடக்கம் என்று சொன்னேன். அம்மாவுக்கு இப்போது பல் கிடையாது என்பதால் விவாதம் அதோடு நின்றது. பூட்டியும் பேத்தியும் இப்போது ஒரே கும்பாவில் செய்த உளுந்தஞ்சோற்றைத்தான் சாப்பிடுகிறார்கள். உப்பில்லாததைப் பற்றி ஒருத்தி மட்டும் புகார் சொல்கிறாள்.

ஒரு பீதியையும் எழுதியாக வேண்டும். இருபத்தெட்டாம் நாள், பேத்தி மலம் கழித்த துணியில் கறுப்பு நூல் நூலாக ஏதோ. பூச்சி என்று முடிவுகட்டி, மருத்துவரிடம் போகச் சட்டையை மாட்டிவிட்டேன். மகள் போனிலேயே கேட்டாள்: "நேற்று எத்தனை பழம் கொடுத்தீர்கள்?" வாழைப்பழத்தின் நடுநார் கறுத்துப்போய் வெளியே வருகிறதாம். கேரட் கேரட்டாகவும் கீரை கீரையாகவும் வருவதும் இந்த வயதில் சகஜம். சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

அளவைப் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மூன்று வேளையும் இடையில் ஒரு சிறு பலகாரமும், ஒரு வேளைக்கு 250 மில்லி கிண்ணத்தில் பாதி. சில நாள் இரண்டு கரண்டியோடு வாயை மூடிக்கொண்டாள். மூக்கைப் பிடித்து வாய் திறக்கவைத்துப் பாலாடையில் ஊற்றுகிற வழக்கம் எங்கள் தெருவில் இன்னும் இருக்கிறது. மூச்சுக்குத் திறக்கிற வாயில் சாப்பாட்டை ஊற்றினால் அது எங்கே போகும்? முகத்தைத் திருப்பினால் அந்த வேளை முடிந்தது. மீதியை மாலைக்கு எடுத்து வைப்பதில்லை. எச்சில் பட்ட சோறு நம் ஊர் வெக்கையில் இரண்டு மணி நேரம் தாங்காது. காய்ச்சி ஆறிய தண்ணீர், சின்ன எவர்சில்வர் டம்ளரில் வாய் வைத்துக் குடிக்க. முதல் இரண்டு வாரம் குடித்ததைவிடக் குளித்தது அதிகம்.

அங்கன்வாடியில் எடை பார்த்தார்கள். தொடங்கும்போது 7.9 கிலோ, பதினோராம் மாத முடிவில் 8.5. வளர்ச்சி அட்டையில் உள்ள கோட்டைவிட்டு இறங்கவில்லை. மிக்ஸியின் சின்ன ஜாரை மனைவி துவையலுக்கு எடுத்துக்கொண்டாள்.

ஆவணிக் கடைசியில் பிறந்தநாள். எல்லோரோடும் தரையில் உட்கார வைத்து, வாழையிலை போட்டோம். அன்று தோற்றேன். அம்மா ஒளித்து வைத்திருந்த உடன்குடிக் கருப்பட்டியில் உளுந்தங்களி கிண்டி, நல்லெண்ணெய் விட்டு, நான் கை கழுவப் போன நேரத்தில் ஒரு விரல் ஊட்டிவிட்டாள். கருப்பட்டியும் சீனிதான் என்று சொன்னேன். "இது இரும்பு" என்றாள் அம்மா. பேத்தி சப்புக்கொட்டினாள். நோட்டில் 'ஒரு விரல்' என்று மட்டும் எழுதினேன்.

முருங்கைக்கீரைதான் இன்னும் நிலுவை. பருப்போடு கடைந்து, எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டு, ஏழு தடவை வைத்தாயிற்று. எலுமிச்சை விட்டால் கீரையின் இரும்புச்சத்து நன்றாக ஒட்டும். ஒட்டுவதற்கு முதலில் உள்ளே போக வேண்டும். பத்துப் பதினைந்து தடவை வைத்தபின்தான் சில பிள்ளைகள் ஒரு சுவையை ஏற்பார்களாம். கால்பலகையை இன்று இரண்டாம் துளைக்கு இறக்கினேன். நாளைக்குக் கீரை, எட்டாவது தடவை.